நடுக்குவாதமும் வீட்டுக் கடிகாரமும்

நம்முடைய தேசத்தில் முதியவர்களைக் கௌரவிப்பதற்கு ஒரு குறையும் கிடையாது. கல்யாண வீட்டில் அவர்களை முன் வரிசையில் உட்கார வைக்கிறோம். பொங்கலன்று காலில் விழுந்து நமஸ்கரிக்கிறோம். அறுபது நிறைந்தால் மணிவிழாக் கொண்டாடுகிறோம். ஆனால், அதே பெரியவர் தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டு முடிக்கும் வரையில் இரண்டு நிமிஷம் வாசலில் காத்திருக்க வேண்டுமென்றால், அதற்கு மட்டும் நமக்குப் பொறுமை போதுவதில்லை. "விடுங்கள், நான் போட்டு விடுகிறேன்" என்று அவர் கையை விலக்கிப் பொத்தானை மாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று விரட்டுகிறோம்.

இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றியதுதான். நடுக்குவாதம் என்ற நோய் ஒரு வீட்டில் புகுந்துவிட்டால், அந்த வீட்டார் முதலில் மாற்றி வைக்க வேண்டியது தங்கள் கடிகாரத்தை. மருந்து, ஆகாரம், நடை, பேச்சு, தூக்கம் எல்லாமே இந்த நோயில் நேரத்தைப் பொறுத்தவை. இதைத் தெரிந்துகொண்ட குடும்பங்களில் நோயாளி பல ஆண்டு காலம் கௌரவமாக நடமாடுகிறார். தெரிந்துகொள்ளாத குடும்பங்களில் நோயைக் காட்டிலும் அவசரமே அவரைச் சீக்கிரம் படுக்கையில் தள்ளிவிடுகிறது.

நோய் இன்னதென்று

தமிழில் நடுக்குவாதம் என்றும், வடமொழி வைத்திய நூல்களில் கம்பவாதம் என்றும் வழங்கும் இந்நோய்க்கு மேனாட்டு வைத்தியத்தில் பார்க்கின்சன் நோய் என்று பெயர். ஜேம்ஸ் பார்க்கின்சன் (1755-1824) என்பவர் லண்டன் நகரைச் சேர்ந்த ஹாக்ஸ்டனில் வைத்தியம் செய்துவந்தவர். வைத்தியத்தோடு அவர் நின்றுவிடவில்லை. சாமானிய ஜனங்களுக்கும் ராஜ்ய காரியங்களில் பங்கு வேண்டுமென்று புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர். 1794-ல் அரசாங்கத்தின் ஆலோசனை சபை முன்னிலையில் விசாரணைக்கு நிற்கும்படியும் நேர்ந்தது. அவர் 1817-ல் ஆறு நோயாளிகளின் நிலையை ஆதாரமாகக் கொண்டு இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்த ஆறு பேரில் சிலர் அவரிடம் வைத்தியத்திற்கு வந்தவர்கள் அல்லர். வீதியில் நடந்து போனவர்கள். அவர்களுடைய நடையைக் கண்டே அவர் நோயின் லட்சணத்தை எழுதினார். பிற்காலத்தில் பாரிஸ் நகரத்து வைத்திய மேதையான ஷார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வழங்கச் செய்தார். அவர் பிறந்த ஏப்ரல் 11-ஆம் தேதி இப்போது உலகெங்கும் பார்க்கின்சன் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது.

நம் மூளையின் அடிப்பாகத்தில் கரிய நிறமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள அணுக்கள் டோபமைன் என்ற ரசாயனப் பொருளை உண்டாக்குகின்றன. கை கால்கள் நாம் நினைத்த மாத்திரத்தில், நினைத்த அளவில் அசைவதற்கு இப்பொருள் இன்றியமையாதது. எக்காரணத்தினாலோ இந்த அணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. நோய் வெளியே தெரிய வரும்போது, அவற்றில் பெரும் பங்கு ஏற்கெனவே அழிந்து போயிருக்கிறது. அதன் பலனாக நான்கு காரியங்கள் நேரிடுகின்றன: சும்மா இருக்கும் கையில் நடுக்கம், தசைகளில் இறுக்கம், அசைவுகளில் மந்தம், நிற்கும்போதும் திரும்பும்போதும் தடுமாற்றம்.

நடுக்கம் உள்ளவர்களுக்கெல்லாம் இந்நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காப்பித் தம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை. இந்நோயின் நடுக்கம் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்போது வரும். ஒரு பொருளை எடுக்கப் போனால் குறையும். நடுக்கமே இல்லாமல், மந்தம் மட்டும் உள்ள நோயாளிகளும் உண்டு. பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல் வருகிறதென்றாலும், நாற்பதுகளிலேயே வந்தவர்களும் இருக்கிறார்கள். இது ஒட்டுவாரொட்டி அல்ல. பெரும்பாலான குடும்பங்களில் வம்ச பரம்பரையாக வருவதும் அல்ல. 2019-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 85 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்நோயுடன் வாழ்ந்துவந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

நோய் தன் வருகையை முன்கூட்டியே தெரிவிப்பதும் உண்டு. மல்லிகைக்குப் பேர் போன மதுரைச் சீமையில், பூக்கூடை பக்கத்தில் இருந்தும் மணம் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை யாரும் நோயென்று எண்ணுவதில்லை. தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவு கண்டு கத்திக் கை கால்களை உதறுதல் ஆகியவையும் இப்படியே. இவை இருந்தால் இந்நோய்தான் என்பதில்லை. நடுக்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நோயாளிகள் பலரிடம் இவை காணப்படுகின்றன என்பது மட்டுமே உண்மை. பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்துவதே தொழிலாகக் கொண்ட நமக்கு மற்றோர் அடையாளம் சுலபமாகப் புலப்படுகிறது. இந்நோய் கண்டவர்கள் ஒரு வரி எழுதத் தொடங்கினால், முதல் எழுத்து கடலையளவும் கடைசி எழுத்து கடுகளவும் ஆகிவிடுகிறது.

சென்னையில் கிடைத்த மருந்துப் பொருள்

இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆனால், கட்டுப்படுத்தும் மருந்து உண்டு. அந்த மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுச் செடிகள் இரண்டுக்கு இடம் உண்டென்பது நேயர்கள் பலருக்குப் புதுச் செய்தியாயிருக்கலாம்.

வேலிகளிலும் மலையடிவாரங்களிலும் படரும் பூனைக்காலிக் கொடியைக் கிராமத்துப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். அதன் காயிலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அதன் விதை நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக உபயோகத்தில் இருந்துவருகிறது. அந்த விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைச் சென்னைச் சர்வகலாசாலையின் உயிர் ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து, 1937-ல் அதைப் பற்றிய கட்டுரையை இங்கிலாந்து தேசத்துப் பத்திரிகையொன்றில் வெளியிட்டார்கள். 1913-லேயே ஐரோப்பாவில் ஒருவகை அவரையிலிருந்து இப்பொருள் கிடைத்திருந்தது. ஆனால், இதனால் நடுக்குவாதக்காரர் எழுந்து நடப்பார் என்பது அன்று எவருக்கும் தெரியாது.

இருபது ஆண்டுகள் சென்றன. 1957-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெஸர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்து அவற்றை அசைவற்றுப் போகச் செய்தார். பிறகு லெவோடோபாவைச் செலுத்தியதும் அவை எழுந்து ஓடின. மூளையில் டோபமைனின் முக்கியத்துவத்தை இவ்விதம் எடுத்துக்காட்டிய அவருக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 1960-ல் வியன்னா நகரத்து ஹார்னிகீவிச், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற வைத்தியர், லெவோடோபாவைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். இன்று கார்பிடோபா என்ற துணை மருந்துடன் சேர்த்து மாத்திரையாகக் கொடுக்கப்படுவது இதுவே.

இதைப் படித்துவிட்டு யாராவது பூனைக்காலி விதையைத் தேடிப் புறப்பட்டுவிட வேண்டாமென்று எச்சரிக்கிறோம். விதையில் எவ்வளவு மருந்துச் சத்து இருக்கிறதென்பது கொடிக்குக் கொடி மாறும். மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு மீறிப்போகும். பூனைக்காலியைப் பற்றிப் பெருமைப்படலாம்; வைத்தியரைக் கேளாமல் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது.

எது நல்ல நேரம்?

நல்ல நேரம் பார்ப்பதில் நமக்கு நிகரானவர்கள் உலகத்தில் இல்லை. ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் நாட்காட்டியில் அச்சாகியிருக்கின்றன. நடுக்குவாதம் உள்ள வீட்டில் மற்றொரு நல்ல நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை வேலை செய்யும் நேரமே அது.

நோயின் ஆரம்பத்தில் ஒரு மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரையில் நிற்கும். சில ஆண்டுகளான பிறகு, அடுத்த வேளைக்கு முன்பே பலன் தீர்ந்துவிடும். பத்து மணிக்குத் தாமாகவே திண்ணைக்கு வந்து பத்திரிகை படித்தவர், பன்னிரண்டு மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் தவிப்பார். இதைக் கண்ட வீட்டார், "காலையில் நடந்தீர்களே, இப்போது மட்டும் என்ன?" என்று கேட்கிறார்கள். பாசாங்கு செய்கிறாரோ என்றுகூடச் சந்தேகிக்கிறார்கள். அவர் பாசாங்கு செய்யவில்லை. விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகையால் வைத்தியர் காலை எட்டு மணி என்று சொன்னால் எட்டு மணிக்கே மாத்திரை கொடுக்க வேண்டும். சமையல் முடியட்டும், பால்காரர் வரட்டும் என்று ஒத்திப் போடுவது கூடாது. மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எப்போது உடல் இளகியது, எப்போது மறுபடி இறுகியது என்பதை ஒரு பழைய நோட்டுப் புஸ்தகத்தில் பத்து நாள் எழுதி வந்தால், வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. குளிப்பது, கோயிலுக்குப் போவது, பாங்கிக்குப் போவது முதலிய காரியங்களை மருந்தின் நல்ல நேரத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

ஆகாரத்திற்கும் இதில் சம்பந்தமுண்டு. பருப்பு, பால், முட்டை, மாமிசம் ஆகியவற்றிலுள்ள புரதச் சத்து, குடலிலிருந்து ரத்தத்துக்குச் செல்லும் வழியில் இந்த மருந்தோடு போட்டி போடுகிறது. எனவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணிக்குப் பின்போ மாத்திரையைக் கொடுப்பது வழக்கம். சிலருக்குப் பகலில் சாம்பாரைக் குறைத்து, இரவில் பருப்பும் பாலும் கொடுப்பது நன்மை செய்கிறது. அதற்காகப் புரதத்தை அடியோடு நிறுத்திவிட்டால் உடம்பு உருகிப்போகும்.

மிகவும் முக்கியமான விஷயம் இரண்டு உண்டு. முதலாவது, இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடுஞ்சுரமும் இறுக்கமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து வரலாம். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும், வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், மருந்துப் பையும் நேர அட்டவணையும் கூடவே போக வேண்டும். இரண்டாவது, சாதாரண வியாதிகளுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இந்நோயாளிகளுக்கு விஷம் போன்றவை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், மனக் குழப்பத்திற்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஆகியவை டோபமைனின் வேலையைத் தடுத்து நோயை அதிகப்படுத்துகின்றன. நோயே இல்லாதவர்களுக்கும் இவை நடுக்கத்தை உண்டாக்குவது உண்டு. மருந்துக் கடையில் "தலை சுற்றுகிறது, ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை இவ்வீட்டார் விட்டொழிக்க வேண்டும்.

சில மாத்திரைகள் வேறொரு விபரீதமும் செய்கின்றன. ஆயுள் முழுவதும் சிக்கனமாயிருந்த மனிதர் திடீரென்று லாட்டரி, சீட்டு என்று பணத்தை வாரி இறைப்பார். அல்லது வேண்டாத சாமான்களை வாங்கிக் குவிப்பார். அல்லது இல்லாத மனிதர்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். "கிழவருக்குப் புத்தி கெட்டுவிட்டது" என்று ஊரில் பேசுவதற்கு முன்னால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றினாலோ குறைத்தாலோ இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

நிலைப்படியும் செம்பும்

நம்முடைய வீடுகள் இந்த நோயாளிகளை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை அல்ல. பேரையூரில் பழைய வீடு ஒன்றில் நுழைய வேண்டுமானால் தெருப்படி, திண்ணை, உயர்ந்த நிலைப்படி, முற்றத்து இறக்கம் என்று நாலைந்து கண்டங்களைத் தாண்டியாக வேண்டும். நடுக்குவாதக்காரருக்கு வாசற்படியைக் கண்டவுடன் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு விடுவதுண்டு. அச்சமயம் முன்னால் நின்று கையைப் பிடித்து இழுத்தால், உடம்பு வரும், கால் வராது, குப்புற விழுவார்.

அதற்குச் சுலபமான உபாயம் இருக்கிறது. முதலில் அவரை அப்படியே நிற்க விட வேண்டும். நிமிர்ந்து மூச்சு விடட்டும். பிறகு "இடது, வலது" என்று தாளமாக எண்ணினாலோ, காலுக்கு முன்னால் ஒரு கோட்டைக் காட்டி "இதைத் தாண்டுங்கள்" என்றாலோ, ஆச்சரியப்படும்படி கால் எழும்புகிறது. தானாக நடக்கும் வழி அடைபட்டாலும், பார்த்து நடக்கும் வழியும் கேட்டு நடக்கும் வழியும் மூளையில் திறந்தே இருக்கின்றன. ஆகவே வாசலிலும் குளியலறை வழியிலும் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் போட்டு வைக்கலாம். தினந்தோறும் கோலம் போடும் வீட்டில் இது ஒரு பெரிய சிரமமல்ல.

தாளத்தின் சக்தியை அயல்நாட்டார் நன்கு உபயோகப்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் புரூக்ளின் நகரில் மார்க் மாரிஸ் நடனக் குழுவினர் 2001 முதல் இந்நோயாளிகளுக்கென்றே நடன வகுப்பு நடத்தி வருகிறார்கள். நம் மதுரைச் சீமையில் கும்மிக்கும் ஒயிலாட்டத்துக்கும் பஞ்சமில்லை. இளமையில் கும்மியடித்த பாட்டிக்கு அந்தத் தாளம் கால்களில் இன்னும் இருக்கிறது. பேத்தி கை தட்டிக் கொடுத்தால் பாட்டி கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வருவாள். தினசரி நடையும் தேகப்பயிற்சியும் இந்நோய்க்கு மருந்துக்கு அடுத்தபடியான துணை என்பதை வைத்தியர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர் குடிப்பது. உதட்டில் படாமல் செம்பை உயரத் தூக்கி அண்ணாந்து குடிப்பது நம்முடைய நெடுங்கால வழக்கம், சுத்தமான வழக்கமும்கூட. ஆனால், விழுங்கும் தசைகள் மந்தப்பட்டவருக்கு இது ஆபத்தானது. தலை பின்னால் சாயும்போது தண்ணீர் உணவுக்குழலுக்குப் பதிலாக மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். அதனால் வரும் நுரையீரல் சுரமே இந்நோயாளிகள் பலரின் முடிவுக்குக் காரணமாகிறது. அவருக்கென்று தனித் தம்ளர் ஒன்றை வைத்து, நிமிர்ந்து உட்காரச் செய்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு வாயாகக் குடிக்கச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. அடிக்கடி புரை ஏறினால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

படுக்கை விஷயத்திலும் கவனம் வேண்டும். பாயில் படுத்தால் எழுந்திருப்பது கஷ்டம். கயிற்றுக் கட்டில் குழிந்துபோவதால் புரண்டு படுப்பது கஷ்டம். முழங்கால் உயரமுள்ள கெட்டியான கட்டிலே நல்லது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் ஓடக் கூடாது. கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்து பிறகு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கழிப்பறையில் குந்தி உட்காரும் வசதிக்குப் பதிலாக நாற்காலி போன்ற வசதியும், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் வேண்டும். வழுக்கும் ரப்பர் செருப்புக்குப் பதிலாகக் குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்பு நல்லது. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி இப்போது கடைகளில் கிடைக்கிறது. முடிச்சுப் போட முடியாதவருக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

சிரிக்காத முகம்

இந்நோய் முகத்துத் தசைகளையும் இறுக்கிவிடுகிறது. மனத்தில் சந்தோஷம் பொங்கினாலும் முகத்தில் தெரியாது. குரலும் தணிந்துவிடுகிறது. இந்த இரண்டினாலும் குடும்பங்களில் உண்டாகும் மனஸ்தாபத்துக்கு அளவில்லை.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், மருமகள் ஆறு மாத காலம் மனத்துக்குள் குமைந்துகொண்டிருந்தாள். "மாமா முகங்கொடுத்துப் பேசுவதே இல்லை. எதைச் சமைத்து வைத்தாலும் ஒரு சிரிப்பு இல்லை, ஒரு வார்த்தை இல்லை" என்பது அவளுடைய குறை. மாமனாரோ, "நான் பேசினால் இந்த வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை" என்று நினைத்துப் பேச்சையே நிறுத்திவிட்டார். வைத்தியர் நோயை விளக்கிச் சொன்ன பிறகுதான், அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல, வியாதி என்பது வீட்டாருக்கு விளங்கிற்று. அன்று மாலை அந்தப் பெண், "மாமா, உங்களுக்கு ரசம் பிடித்திருந்ததா?" என்று நேராகக் கேட்டுவிட்டுப் பதில் வரும் வரையில் நின்றாள். பதில் வருவதற்குச் சிறிது நேரம் ஆயிற்று, ஆனாலும் வந்தது.

கேள்வி கேட்டுவிட்டு நிற்பது ஒரு சிறு காரியம். அதைச் செய்யத்தான் நமக்குப் பழக்கமில்லை. குரலைக் காப்பாற்றத் தினமும் பத்து நிமிஷம் பத்திரிகையை உரக்கப் படிக்கச் சொல்லலாம். பேரப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம். மனச்சோர்வும் இந்நோயின் ஓர் அங்கம். பந்தியில் கை நடுங்கிச் சாம்பார் சிந்துமே என்று கூசிக் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். பந்தியில் அவர் பக்கத்தில் உறவினர் ஒருவர் உட்கார்ந்து, ஒரு கரண்டி கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் தம் இலையைக் கவனித்தால் போதும்.

கையெழுத்தும் சட்டமும்

கையெழுத்துச் சிறுத்துப் போவதால் வரும் சங்கடம் பணம் வாங்கும் இடத்தில் பெரிதாகிறது. இருபது வருஷத்துக்கு முந்திய கையெழுத்தோடு இன்றையது ஒத்துப்போகவில்லை என்று, தம்முடைய பென்ஷன் பணத்தையே எடுக்க முடியாமல் திரும்பிய முதியவரை நாம் அறிவோம். இவ்விதம் நோயினால் கையெழுத்திட இயலாதவர்கள், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் விரல் ரேகை வைத்துப் பணம் பெறலாம் என்றும், அந்தச் சாட்சிகளில் ஒருவர் பாங்கியின் பொறுப்புள்ள உத்தியோகஸ்தராக இருக்க வேண்டும் என்றும் ரிசர்வ் பாங்கியின் விதி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்பவர்களுக்குக் காரியம் நடக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்க்கின்சன் நோயையும் ஊனத்துக்குக் காரணமாகும் நரம்பு நோய்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 40 சதவிகிதத்துக்குக் குறையாத பாதிப்பு இருப்பதாக வைத்தியக் குழு சான்றளித்தால், அச்சட்டத்தின் முக்கியமான சலுகைகளுக்கு வழி பிறக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித் தொகைக்கு உரியவர்களிலும் இந்நோயாளிகள் அடங்குவர். நடுக்கம் என்பது விதி என்று எண்ணி உட்கார்ந்திருப்பவர்களுக்கு, அது சட்டத்தின் கண்ணிலும் பட்டிருக்கிறதென்று யாராவது சொல்ல வேண்டுமல்லவா?

பார்த்துக்கொள்கிறவரை யார் பார்ப்பது?

நோயாளியைப் பற்றி இவ்வளவு சொன்னோம். அவருக்கு வேட்டி கட்டிவிட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, இரவில் மூன்று தரம் எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் பெரும்பாலும் மனைவி. இல்லாவிட்டால் மகள் அல்லது மருமகள். அவருக்கே அறுபது வயது, மூட்டு வலி, சர்க்கரை வியாதி எல்லாம் இருக்கும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் உள்ள பிள்ளைகள் தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்" என்று தவறாமல் சொல்கிறார்கள். "அம்மா, நீ நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்பவர்கள் அபூர்வம்.

இது பத்துப் பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் நீளக்கூடிய வியாதி. ஒருவரே அத்தனை ஆண்டும் சுமந்தால் அவரும் விழுந்துவிடுவார். பதிபக்தி என்றும் தியாகம் என்றும் புகழ்வதைக் காட்டிலும், வாரத்தில் ஒரு அரை நாள் அவருக்கு விடுதலை கொடுப்பது மேல். அந்த அரை நாளில் அவர் கோயிலுக்குப் போகலாம், தம் அக்காள் வீட்டுக்குப் போகலாம், சும்மா படுத்துத் தூங்கலாம். உள்ளூரிலுள்ள மகனோ மருமகனோ அந்த வேளையில் மாத்திரைப் பெட்டியையும் நோட்டுப் புஸ்தகத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு இது கைவராத கலை என்று சொல்வது வீண் பேச்சு. மாத்திரை பிரித்துக் கொடுப்பதற்கும் தோளைத் தாங்குவதற்கும் ஆண் பெண் பேதம் இல்லை.

பேரையூரிலிருந்து டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருந்த அரசு இராஜாஜி மருத்துவமனையில் நரம்பு வைத்தியப் பிரிவு இருக்கிறது. ஆனால், பஸ்ஸில் போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் இரண்டு வேளை மாத்திரை நேரம் கடந்துவிடும். ஆகவே நோயைக் கண்டறியவும் மருந்தை மாற்றவும் மதுரைக்குப் போவதோடு, அன்றாடக் காரியங்களுக்கு உள்ளூர்த் துணையையும் தேடிக்கொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே வந்து தேகப்பயிற்சி சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

மும்பையில் 2001-ஆம் ஆண்டு தோன்றிய பார்க்கின்சன் நோய்ச் சங்கம், நோயாளிகளையும் குடும்பத்தாரையும் ஓரிடத்தில் கூட்டி, தேகப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, அனுபவப் பரிமாற்றம் என்று பல ஊர்களில் நடத்தி வருகிறது. நம் ஊருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கின்றன. பேரையூரிலும் அக்கம் பக்கத்துக் கிராமங்களிலும் இந்நோயுள்ள குடும்பங்கள் மாதம் ஒருமுறை காலை பத்து மணிக்கு, அதாவது மருந்தின் நல்ல நேரத்தில், பள்ளிக்கூடம் ஒன்றில் கூடலாம். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், தலைவர் முன்னுரையும் வேண்டாம். பத்து நாற்காலி, ஒரு பானை தண்ணீர், தரையில் சில சுண்ணாம்புக் கோடுகள் போதும். ஒரு வீட்டில் கண்டுபிடித்த உபாயம் மற்றொரு வீட்டுக்குப் போய்ச் சேரும். தம் ஒருவருக்கே இந்தக் கஷ்டம் என்று நினைத்திருந்தவர் அதே மாதிரி மெல்ல எழுந்திருக்கும் இன்னொருவரைக் காண்பார். கூட வந்த பெண்மணிகள் ஒரு மணி நேரமாவது தங்களுக்குள் மனம் விட்டுப் பேசிக்கொள்வார்கள்.

இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. பூட்டைத் திறந்து கொடுக்க உபாத்தியாயர் ஒருவரும், கோடு போட நாலு பிள்ளைகளும் இருந்தால் அடுத்த மாதமே ஆரம்பிக்கலாம். வருகிறவர்கள் மெல்லத்தான் வருவார்கள். பத்து மணிக் கூட்டம் பத்தரைக்குத் தொடங்கினால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.